பாட்டை மெதுவாக ஓடவிட்டு பேஸ் லைனைக் காதால் கற்பது எப்படி?

பாட்டு ஓடும்போது, ஆழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் ஒலிப்பது உடம்புக்குத் தெரிகிறது. எந்த ஸ்வரம் என்று காதுக்குத் தெரிவதில்லை. பேஸ் லைனை, அதாவது அந்தக் கிட்டார் வாசிக்கும் ஸ்வர வரிசையை, கேள்வி ஞானத்தால் கற்க உட்காருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். குரல் முன்னால் நிற்கிறது, கிட்டாரும் கீபோர்டும் நடுவை அடைத்துக்கொள்கின்றன, பேஸ் இருக்கும் அதே ஆழத்தில், காலால் அடிக்கும் கிக் டிரம் வந்து இடிக்கிறது. இந்த நிலையில் வேகத்தை மட்டும் பாதியாக்கினால், தெளிவில்லாத ஒலியை இரண்டு மடங்கு நேரம் கேட்கலாம், அவ்வளவுதான். வேகத்தில் கை வைப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றை ஒழுங்காகச் செய்தால், எளிய பாடல்கள் பலவற்றுக்கு வேகத்தைக் குறைக்கவே தேவைப்படாது.

ஆனால் வேகத்தைக் குறைத்தால் மட்டுமே பிடிபடுகிற ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்வரம் எங்கே நிற்கிறது என்பதுதான் அது. ஸ்வரத்தின் தொடக்கம் எப்படியும் காதில் விழுந்துவிடும். முடிவை வேகம் விழுங்கிவிடும். பேஸ் வாசிப்பின் அழகில் பாதி அந்த முடிவுகளில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் படிகள் எல்லாம் அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

எதில் கேட்பது?

நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஈ. விரல் வைக்காமல் மீட்டினால் அது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 41 அதிர்வுகளோடு, ஒலிக்கும். அடுத்த கம்பிகள் ஏ 55, டி 73, ஜி 98. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரால் இந்த ஆழத்தை எழுப்ப முடியாது. அதில் பேஸ் ஓரளவு கேட்பதற்குக் காரணம், ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்ணில் துணை ஒலிகளும் எழுவதுதான். அடிப்படை ஒலி வராவிட்டாலும் மூளை இந்தத் துணை ஒலிகளை வைத்து ஸ்வரத்தை ஊகித்துக்கொள்கிறது. எந்த ஸ்வரம் என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். எந்த ஸ்தாயி என்பதில்தான் ஏமாற்றும். ஆகவே காதை முழுவதும் மூடும் ஹெட்போனில் கேளுங்கள். பேஸ் கேட்கவில்லை என்று ஒலியளவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஆழ்ந்த ஒலி உறைக்காததால் அளவு ஏறியதே தெரியாது. மற்ற ஒலிகளெல்லாம் காதைப் பதம் பார்த்துவிடும்.

ஒலிக்கோப்பும் முக்கியம். ஒலித் தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் வகைக் கோப்பு கிடைத்தால் நல்லது. மிகவும் சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பு முழு வேகத்தில் சரியாகத்தான் தோன்றும். மெதுவாக்கியதும் அதன் சுருக்கக் குறைகளெல்லாம் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் வெளியே வந்துவிடும்.

முதல் பாட்டாக எதை எடுப்பது? மிதமான வேகம், சிறிய குழு, ஒரே பேஸ் லைன் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு. கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் பாணியும், சிந்தசைசரில் எழுப்பிய பேஸும் முதல் பாட்டுக்கு வேண்டாம்.

கிட்டாரைத் தொடுவதற்கு முன்

பாட்டை முழு வேகத்தில் சில முறை கேளுங்கள். முதல் முறை கிக் டிரம்மை மட்டும் கவனித்து, பேஸ் அதனோடு சேர்ந்து விழுகிறதா, விலகி விழுகிறதா என்று பாருங்கள். அடுத்த முறை பாட்டின் பகுதிகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: முன்னிசை, பல்லவி, சரணம், இடையிசை, எந்த நிமிடத்தில் எது தொடங்குகிறது என்று. பெரும்பாலான பாடல்களில் பேஸ் இரண்டு அல்லது மூன்று வடிவங்களைத்தான் மாற்றி மாற்றி வாசிக்கும். இது தெரிந்துவிட்டால் நான்கு நிமிடப் பாட்டு சில விநாடிகளின் வேலையாகச் சுருங்கிவிடும்.

பிறகு பேஸ் லைனை வாயால் பாடுங்கள். ‘தூம் தூம் த தூம்’ என்று எப்படி வந்தாலும் சரி, உங்கள் குரலுக்கு எட்டும் ஸ்தாயியில் பாடுங்கள். பலர் தாண்டிப் போய்விடும் படி இது. நான் இதை விடவே கூடாது என்பேன். பாட முடிந்த ஸ்வரத்தைக் கிட்டாரில் தேடுவது சில நொடி வேலை. பாட முடியாத ஸ்வரத்தை நீங்கள் இன்னும் கேட்கவில்லை; அதை ஃபிரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் விரல் வைக்கும் கட்டங்களில்) தேடினால் குருட்டாம்போக்கில் தடவிக்கொண்டிருப்பீர்கள். பாடும்போது எங்கே தடுமாறுகிறீர்களோ, அந்த இரண்டு மூன்று இடங்களைத் தாளில் வட்டமிடுங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டியது அந்த இடங்களுக்குத்தான்.

சுருதி

உங்கள் கிட்டாரை டியூனர் வைத்துச் சரிசெய்துவிட்டு, பாட்டில் நீளமாக ஒலிக்கும் ஒரு பேஸ் ஸ்வரத்தோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டாமல் ‘வவ் வவ்’ என்று அலையடித்தால் சுருதி சற்று விலகியிருக்கிறது. நாடாவில் பதிவான பழைய இசையில் இது சாதாரணம். நாடா ஓடிய வேகம் கொஞ்சம் மாறியிருந்தாலும் சுருதி மாறிவிடும். இதற்காக ஒவ்வொரு பாட்டுக்கும் கம்பிகளைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். வேகம் குறைக்கும் மென்பொருள் பலவற்றில் சுருதியை சென்ட் கணக்கில் நகர்த்த முடியும். 100 சென்ட் சேர்ந்தால் ஓர் அரை ஸ்வரம், அதாவது ஒரு ஃபிரெட் தூரம். பத்து, இருபது சென்ட் நகர்த்தினாலே பாட்டு உங்கள் கிட்டாரோடு வந்து ஒட்டிக்கொள்ளும். கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கி வாசிக்கும் குழுக்களும் உண்டு. பாட்டின் மிக ஆழமான ஸ்வரம் உங்கள் ஈ கம்பிக்கும் கீழே போனால் அதையோ ஐந்து கம்பி பேஸையோ சந்தேகிக்கலாம்.

பேஸை வெளியே கொண்டுவருதல்

ஒலியின் ஆழ, நடு, உச்சப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசரில் பேஸைக் கூட்டுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. மற்றவற்றைக் குறைப்பதுதான் பலன் தரும் வழி. ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை நன்றாக இறக்குங்கள். குரலின் தெளிவும் சிம்பல்களும் மறைந்து, பேஸ் தனியாக நிற்கத் தொடங்கும். ஸ்வரம் பிடிபட்டபின், விரல் கம்பியில் படும் ஓசையைக் கேட்க 1,000 ஹெர்ட்ஸ் வரை மறுபடி திறந்துவிடுங்கள். கிக் டிரம் இடித்துக்கொண்டே இருந்தால் 60, 80 ஹெர்ட்ஸ் பக்கம் சற்றுக் குறைத்துப் பாருங்கள். பேஸின் அடி கொஞ்சம் போகும், துணை ஒலிகள் இருப்பதால் ஸ்வரம் போகாது.

1960களின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் பேஸை இடது அல்லது வலது பக்கம் ஒன்றில் மட்டும் வைத்திருப்பார்கள். ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பிற்காலப் பதிவுகளில் பேஸ் பெரும்பாலும் நடுவில் இருக்கும்.

இனி வேகம்

இசைத்தட்டும் நாடாவும் இருந்த காலத்தில் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலவேண்டிய இசைத்தட்டை 16⅔ சுற்றில் ஓடவிட்டுக் கற்பது லீட் கிட்டாருக்கு உதவும். பேஸுக்கு அது எதிர்வேலை: 41 ஹெர்ட்ஸில் இருந்த ஈ, 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கி மனிதக் காது கேட்கும் எல்லையின் விளிம்பில் போய் நிற்கும். சுருதி மாறாமல் நேரத்தை மட்டும் நீட்டுவது கணினியால் வந்த வரம். அதற்கான முக்கிய முறைகளுள் ஒன்றான ஃபேஸ் வோகோடரை 1966இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளானகனும் கோல்டனும் பேச்சொலிக்காக வெளியிட்டார்கள். இன்று அதே வகை நுட்பம் கைபேசி ஆப்களில் ஓடுகிறது.

யூடியூபில் வேகத்தை 0.75, 0.5 என்று மாற்றலாம்; அவசரத்துக்கு அது போதும். விஎல்சி பிளேயரிலும் வேகத்தைக் குறைக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் ‘சேஞ்ச் டெம்போ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அருகிலுள்ள ‘சேஞ்ச் ஸ்பீட்’ (புதிய பதிப்புகளில் ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’) சுருதியையும் சேர்த்து இறக்கிவிடும். ‘சேஞ்ச் டெம்போ’வில் -25 என்று கொடுத்தால் பாட்டு 75 சதவீத வேகத்தில் ஓடும். அதன்மேலேயே இன்னொரு -25 கொடுத்தால் 50 சதவீதம் வராது, 56 சதவீதம்தான் வரும்; ஒலியும் இருமுறை கெடும். ஒவ்வொரு முறையும் மூலக்கோப்பிலிருந்து புதிதாகச் செய்யுங்கள். இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட டிரான்ஸ்கிரைப், அமேசிங் ஸ்லோ டவுனர் போன்றவற்றில் வேகம், சுருதி, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் எல்லாம் ஒரே திரையில் இருக்கும். தொடர்ந்து இதில் ஈடுபடப் போகிறவர்களுக்கு அந்த வசதி பெரிது.

எவ்வளவு குறைப்பது? 75இல் தொடங்குங்கள். கேட்காவிட்டால் 60, பிறகு 50. அதற்குக் கீழே போனால் ஸ்வரங்களின் தொடக்கம் மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பேஸில் இன்னொரு சங்கடமும் உண்டு. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முடிய 24 மில்லி விநாடி ஆகிறது. நேரத்தை நீட்டும் மென்பொருள்களில் பல, ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் அடுக்குகின்றன. துண்டு ஓர் அலையைவிடச் சிறியதாக இருந்தால் ஆழ்ந்த ஸ்வரம் நடுங்கும். மெதுவாக்கியபின் நீண்ட ஸ்வரம் ஒன்று அதிர்வதுபோல் கேட்டால், வாசித்தவர் விரலை அசைத்தார் என்று உடனே முடிவு கட்டாமல் முழு வேகத்தில் போய்ச் சரிபாருங்கள்.

லூப் போடும்போது, வேண்டிய இடத்துக்கு ஓர் எண்ணிக்கை முன்னால் தொடங்கி, அடுத்த சுற்றின் முதல் ஸ்வரம் ஒலிக்கும்வரை விடுங்கள். பேஸ் எப்போதும் அடுத்து வரப்போகும் ஸ்வரத்தை நோக்கியே நகரும். போய்ச் சேரும் இடத்தை வெட்டிவிட்டால் நடந்துவந்த வழி புரியாது.

ஒரு சுற்றைக் கிட்டத்தில் பார்ப்போம்

நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை வேகம், நான்கு எண்ணிக்கைச் சுற்று, ஏ மைனர் கார்டிலிருந்து (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) டி மைனருக்குப் போகும் இடம் என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் கேட்கும்போது காதில் விழுவது இவ்வளவுதான்: ஆழமாக ஒரு ஏ, பிறகு மேலே ஒரு ஏ, ஜி, ஈ என்று இறக்கம், கடைசியில் ஏதோ ஒரு சறுக்கல், உடனே டி.

75 சதவீதத்தில் அந்தச் சறுக்கல் உடைகிறது. நான்காம் எண்ணிக்கையில் ஈ. அதற்கும் அடுத்த சுற்றின் ஒன்றுக்கும் நடுவே இரண்டு குட்டி ஸ்வரங்கள் இருக்கின்றன. முழு வேகத்தில் ஒவ்வொன்றும் எட்டில் ஒரு விநாடிதான். பாதி வேகத்தில் கால் விநாடியாகும்போது இரண்டும் பிரிந்து கேட்கின்றன: சி, சி ஷார்ப். அரை அரை ஸ்வரமாக ஏறி டியில் இறங்குகிறது. சறுக்கல் என்று நினைத்தது ஸ்லைடு, அதாவது கம்பியை அழுத்தியபடியே விரலை நகர்த்துவது, அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனியாக விரல் மீட்டிய ஓசை இருக்கிறது. ஸ்லைடாக இருந்தால் ஒரே ஒரு தொடக்கம்தான் கேட்கும்.

அதே பாதி வேகத்தில் முதல் ஏவைக் கவனியுங்கள். அது இரண்டாம் எண்ணிக்கையில் ஸ்நேர் டிரம் விழும் கணத்தில் சட்டென்று நிற்கிறது. ஸ்நேர் அவ்வளவு கூர்மையாகக் கேட்பதற்கே அதுதான் காரணம்: பேஸ் அதற்கு இடம் விட்டிருக்கிறது. பிறகு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் சுருதியே இல்லாத ஒரு ‘டக்’. கம்பியை அழுத்தாமல் தொட்டபடி மீட்டும் கோஸ்ட் நோட் அது. மூன்றில் மேல் ஏ. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஜி.

இந்த நிறுத்தத்தையும் ‘டக்’கையும் விட்டுவிட்டு ஸ்வரங்களை மட்டும் சரியாக வாசித்தால் பாட்டு அடையாளம் தெரியும், ஆனால் துள்ளாது. அதனால் குறித்துக்கொள்ளும்போது ஸ்வரத்தின் பெயரோடு அது எங்கே முடிகிறது என்பதையும் குறியுங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு கோடு, நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி போதும்.

ஸ்வரம் பிடிபடாத இடங்களில்

காது தடுமாறினால் பாட்டின் சுருதியை ஒரு ஸ்தாயி, அதாவது 12 அரை ஸ்வரம், உயர்த்திக் கேளுங்கள். 55 ஹெர்ட்ஸ் ஏ, 110க்கு வந்துவிடும். நம் காது ஆழ்ந்த ஒலிகளைவிட நடு ஒலிகளைக் கூர்மையாகப் பிரித்தறியும். மங்கலாக இருந்த லைன் ஒரு மெட்டுப்போல் கேட்கத் தொடங்கும். குரலும் கிட்டாரும் விகாரமாக ஒலிக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பேஸுக்கென்று எனக்கு ஒரே ஒரு தந்திரம்தான் சொல்ல அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது ஊகம். ஒரு கார்டு மாறும் இடத்தில் பேஸ் பெரும்பாலும் அந்தக் கார்டுக்குப் பெயர் தரும் மூல ஸ்வரத்தில் விழும். பிறகு அதிலிருந்து எண்ணினால் வரும் ஐந்தாம் ஸ்வரமோ மேல் ஸ்தாயியோ வரும். எனவே முதலில் அவற்றை வாசித்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் மூன்றாம் ஸ்வரத்தைப் பாருங்கள். சி மேஜர் கார்டுக்கு அடியில் ஈ வைப்பது மிகவும் வழக்கமான ஒன்று. ஆனால் ஊகித்ததைக் கேட்டதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. வாசித்துச் சரிபார்த்தபின்தான் எழுதவேண்டும்.

குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று பாட்டைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. இணைய இசைச் சேவை நிறுவனமான டீசர் 2019இல் வெளியிட்ட ஸ்பிளீட்டர், டெமக்ஸ் போன்றவை அந்த வகை. பயன்படுத்துங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள். பிரித்தெடுத்த பேஸில் கிக் டிரம் ஒட்டிக்கொண்டு வரும். விரல் மீட்டும் ஓசையும் கோஸ்ட் நோட்டும் டிரம்ஸ் பக்கம் போய்விடும். சந்தேகம் வந்தால் மூலப் பதிவே தீர்ப்பு.

எந்தக் கம்பியில் வாசிப்பது?

ஏ என்ற ஒரே ஸ்வரத்தை ஏ கம்பியில் விரல் வைக்காமலும் வாசிக்கலாம், ஈ கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டிலும் வாசிக்கலாம். சுருதி ஒன்றே, ஒலி வேறு. விரல் வைக்காத கம்பி பிரகாசமாக ஒலித்து, தானாக நிற்காமல் நீளும். தடித்த கம்பியில் உருண்டையாக ஒலிக்கும், விரலைத் தளர்த்தினால் சட்டென்று நிற்கும். மேலே பார்த்த சுற்றில் முதல் ஏ சுத்தமாக நிற்பதால் ஈ கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே கை வைத்தால் மேல் ஏ டி கம்பியின் ஏழாம் ஃபிரெட்டில், ஜி அதே கம்பியின் ஐந்தில், ஈ ஏ கம்பியின் ஏழில் கிடைத்துவிடும். பிறகு கையைச் சற்று இறக்கி ஏ கம்பியில் மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறினால் சி, சி ஷார்ப், டி. கை அதிகம் அலையாமல் லைன் முழுவதும் விழுந்தால், வாசித்தவரின் கை இருந்த இடத்துக்கு அருகில் வந்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

ஒலியின் தன்மையும் தகவல்தான். மோடவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டியவர். பழைய கம்பிகளும், அவற்றின் ஒலியை அடக்கும் ஃபோமும் அவருடைய கிட்டாரில் இருந்தன. அவர் பதிவுகளைக் கேட்டுப் புதிய, பளபளக்கும் கம்பிகளில் வாசித்தால் ஸ்வரமெல்லாம் சரியாக இருந்தும் வேறு ஆள் வாசிப்பதுபோல் இருக்கும். கம்பிகளின் அடியில், அவற்றைக் கிட்டாரின் உடலில் தாங்கும் பிரிட்ஜ் அருகே, ஒரு சிறு ஃபோம் துண்டைச் செருகிப் பாருங்கள்.

மறுபடி முழு வேகத்துக்கு

மெதுவான வேகத்தில் வாசிக்கப் பழகிவிட்டு அங்கேயே தங்கிவிடுவது எளிது. மெதுவாக ஓடும் பாட்டில் ஸ்வரங்கள் தெரியும். லயத்தின் சாய்வு தெரியாது. எண்ணிக்கைக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து வாசிக்கிறாரா, முன்னால் தள்ளுகிறாரா என்பது முழு வேகத்தில்தான் உணர்வில் வரும். ஆகவே 50, 60, 70 என்று ஏற்றும்போது இடையிடையே மூல வேகத்தில், வாசிக்காமல், ஒருமுறை கேளுங்கள். 80ஐத் தாண்டியபின் ஐந்து ஐந்து சதவீதமாக ஏற்றுங்கள். ஏதாவது ஒரு வேகத்தில் கை சிக்கினால், பெரும்பாலும் விரல் வைப்பு தவறாக இருக்கும். வேகத்தை இறக்குவதற்கு முன் விரலை மாற்றிப் பாருங்கள்.

முடிந்ததும் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. பாட்டை ஒரு காதிலும் உங்கள் வாசிப்பை மறு காதிலும் ஒலிக்கும்படி பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கேட்காத பிழைகள் அப்போது தெளிவாகக் கேட்கும். பிறகு ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை இறக்கிப் பாட்டின் பேஸைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் நீங்கள் வாசியுங்கள். இணையத்தில் கிடைக்கும் டேப்களை (எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று எழுதிய குறிப்புகளை) ஒப்பிட விரும்பினால் இந்தக் கட்டத்தில் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம். அவற்றில் பலவும் யாரோ ஒருவர் அவசரமாகக் கேட்டு எழுதியவை. முன்பே பார்த்துவிட்டால் அவர் கேட்டதைத்தான் நீங்களும் கேட்பீர்கள்.

எவ்வளவு முயன்றும் ஓரிரு ஸ்வரங்கள் பிடிபடாமல் நிற்கும். அவற்றோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டினால் காது களைத்து, எல்லா ஸ்வரமும் சரிபோலவே தோன்றத் தொடங்கிவிடும். அந்த இடத்தில் கார்டுக்குப் பொருந்தும் ஒரு ஸ்வரத்தை வைத்து, தாளில் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். பாட்டின் பின்பகுதியில் அதே லைன் மறுபடி வரும்போது, குரல் இல்லாத இடையிசையில், அந்த ஸ்வரம் தெளிவாகக் கேட்கக்கூடும்.